பச்சைக் கட்டிலின் நான்கு கால்கள்

என் வீட்டுக்காரருக்கு மரம் நாக்கில் தெரியும். எனக்கு மூக்கில் தெரியும். ஒரே ஒரு முறை இரண்டும் சேர்ந்து எங்களைக் கைவிட்டன. அந்த ஒரு முறையை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சண்டைக்காலம் அது. புது மரமெல்லாம் பட்டாளத்துக்கு என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு கதவு போட வேண்டும் என்றாலும் ஆட்கள் பழைய மரம் தேடிச் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்கு வருவார்கள். மளிகை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கொட்டகை இருந்தது. அதை ஒட்டி ஒற்றை அறை வீடு. ஏற்காட்டு பங்களாக்களிலும் ஆத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளிலும் ஏலத்தில் தள்ளிவிடும் ஓட்டை உடைசலை அவர் வண்டியில் ஏற்றி வருவார். கை உடைந்த நாற்காலி, கண்ணாடி போன பீரோ, மூன்று காலில் நொண்டும் மேசை. அவற்றைப் பிரித்து, ஆணி பிடுங்கி, இழைத்து, எது என்ன மரம், எதற்கு ஆகும் என்று பார்த்து அடுக்கி வைப்பார்.

பார்த்தவுடன் மரம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் பழைய சாமானைக் கையாண்டதில்லை. அந்தக் காலத்து ஆசாரிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பீரோவுக்கு முகத்தில் தேக்கு போடுவார்கள், முதுகில் மாம்பலகையை அடித்துக் காவியும் எண்ணெயும் பூசிவிடுவார்கள். இருபது வருஷம் கைபட்டுப் புழங்கினால் முகமும் முதுகும் ஒரே நிறமாகிவிடும். அதனால் அவர் மூட்டுகளைப் பிரித்து, வெயிலும் வர்ணமும் படாத உள்பக்கத்தில் உளியால் ஒரு சீவல் எடுப்பார். வெளிச்சத்தில் ரேகை பார்ப்பார், நகத்தால் கீறுவார், முகர்வார். கடைசியில் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார்.

"கொழம்புல உப்புப் போட மறந்தாக் கூடத் தெரியாது. மரத்துக்கு மட்டும் அந்த நாக்கு எங்கிருந்துதான் வருதோ," என்பேன். அவர் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

என் படிப்பு அடுப்படியில் நடந்தது. கழிவுத் துண்டெல்லாம் எனக்குத்தானே வரும். தேக்குப் புகையில் பழைய செருப்பை வெயிலில் போட்ட வாடை இருக்கும். புளி நின்று எரிந்து கரி கொடுக்கும். வாகை எரிந்தால் மூக்கு அரிக்கும், தும்மி மாளாது. மாமரத்துப் புகையில் லேசாக ஒரு புளிப்பு. வேம்பு கண்ணைக் கரிக்கும். கொட்டகையில் அவர் தேக்கு என்று ஒதுக்கி வைத்த பலகையின் துண்டு என் அடுப்பில் புளிப்பாகப் புகைந்தால், "ஏனுங்க, உங்க தேக்கோட தம்பி இங்க எரியறானுங்க, அவன் மாமரமுங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். போய்ப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த வருஷம் ஆத்தூரிலிருந்து ஒரு கட்டில் வந்தது. தடிமனாகப் பச்சை வர்ணம் அடித்த கட்டில். சட்டமெல்லாம் உளுத்துப்போய்விட்டது, கால்கள் நான்கு மட்டும் கல்லாட்டம் இருந்தன. அவர் ஒரு காலை எடுத்து மூட்டுத் துளைக்குள்ளிருந்து சீவினார், மென்றார், உடனே துப்பினார்.

"வேம்பு. நல்ல வெளஞ்ச வேம்பு," என்றார்.

என்னிடமும் ஒரு சீவல் தந்தார். நாக்கு நுனியில் வைத்தவுடன் உச்சந்தலை வரை கசந்தது. எனக்கும் சந்தேகம் வரவில்லை. கால்களின் தலைப்பக்கத்தை அறுத்த துண்டுகள் அன்று மாலையே அடுப்புக்கு வந்தன. அவற்றில்தான் சோறு பொங்கினேன். அந்தப் புகை எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. அவர் சொல்லிவிட்டார், நானும் ருசி பார்த்துவிட்டேன், இனி மூக்கை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

எங்கள் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். அவளுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து எட்டாம் மாதத்தில் போய்விட்டான். காலையில் காய்ச்சல், சாயங்காலம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு பிறந்தவள் இவள் என்பதால், இவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். விழித்திருந்தால் ஏன் இன்னும் தூங்கவில்லை என்று கவலைப்படுவேன். பயம் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி கூடவே இருந்தது. நான்காவது தட்டு வைக்காததுதான் குறை.

குழந்தை சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்ததும் அவர் நடைவண்டி செய்தார். கைப்பிடிக்கு அந்தப் பச்சைக் கட்டிலின் கால் ஒன்றை எடுத்து உருட்டினார். வேம்பு குழந்தைக்கு நல்லது, சூடு தணியும், அம்மன் துணை என்று இருவருக்கும் சந்தோஷம். அதே கையோடு இன்னொரு வண்டியும் செய்தார். அது அடுத்த தெருவில் தறி நெய்கிற வீட்டுக்கு. அவர்களுக்கும் எங்கள் குழந்தை வயதில் ஒரு பையன். வண்டிக்குப் பதிலாக அந்த வீட்டுக்காரர் எங்கள் மகளுக்குச் சிவப்புக் கரை வைத்த சின்னத் துண்டு ஒன்று நெய்து கொடுத்தார். அந்த வண்டிக்கும் கட்டில் காலில்தான் கைப்பிடி. இரண்டுக்கும் வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, காவியும் விளக்கெண்ணெயும் தேய்த்துவிட்டார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

ஏழெட்டு நாள் கழித்து அந்தத் தறிக்கார வீட்டுப் பெண் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள்.

"அக்கா, அந்தக் கைப்புடி கசக்குதுங்க. பல்லு மொளைக்கறதுனால எல்லாத்தையும் வாய்ல வெக்கறான். அத வெச்சாப் போதும், மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு அழுவறான். இப்ப வண்டியக் கண்டாலே ஆகமாட்டேங்குது."

என் மகள் அப்போது எங்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைப்பிடியில் வாயை வைத்து ஈறால் நறநறவென்று கடித்து, எச்சில் வழியச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் காட்டினேன்.

"எம்புள்ள எப்புடிச் சப்பறா பாரு. வேம்புன்னாக் கசக்காம கரும்பாட்டம் இனிக்குமா? ஒடம்புக்கு நல்லதும்மிணி. கொஞ்சம் வெல்லத்தக் கரைச்சுத் தடவி உடு. தானாப் புடிச்சுக்குவான்."

அவள் சரிங்க அக்கா என்று போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அவர் மறுபடியும் ஆத்தூருக்குப் போயிருந்தார். ஏலத்தில் எடுத்த சாமானை வண்டியில் அனுப்பிவிட்டு மறுநாள் வருவதாக ஏற்பாடு. காலை பத்து மணி இருக்கும், வண்டி வந்தது. வண்டிக்காரர் ஐம்பது வயது மனிதர், ஆத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். சாமானை இறக்கி வைத்துவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடித்தபடி கொட்டகைக்குள் சுற்றிலும் பார்த்தார்.

"அந்தப் பச்சக் கட்டிலு எங்கம்மா? வித்துப் போச்சா?"

"பிரிச்சாச்சுங்க. சட்டமெல்லாம் உளுத்துப் போச்சு. காலு மட்டுந்தான் தேறுச்சு," என்றேன்.

"காலு எப்புடி உளுக்கும்? அது எட்டியாச்சே. எங்கூருப் பண்ணக்காரரு வூட்டுக் கட்டிலும்மா அது. மூட்டப்பூச்சி அண்டாது, கரையான் தொடாதுன்னு அவங்க அப்பாரு மலையடிவாரத்துலேருந்து வெட்டியாந்து கடைஞ்ச காலு."

"எட்டியா? வேம்புன்னாரே எங்க வீட்டுக்காரரு."

"கசப்ப வெச்சுச் சொல்லியிருப்பாரு. ரெண்டும் கசக்கும். ஆனா இது எட்டி. நாய்க்கு வெப்பாங்களே கொட்ட, அதே மரம்." மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "பெரியவங்க படுத்து எந்திரிக்க ஒண்ணும் பண்ணாது. புள்ளைங்க வாய்ல வெக்காமப் பாத்துக்கணும். அந்த வூட்டுல தொட்டிலக் கூட அந்தக் கட்டிலுப் பக்கத்துல கட்ட மாட்டாங்க."

அவர் மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வீட்டில் தீயை வைத்தோம் என்று தெரியாமல் போகிற மனிதரை என்ன சொல்வது.

எட்டிக்கொட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெருநாய்கள் பெருகிவிட்டால் அதைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து வைப்பார்கள். எங்கள் சந்தில் ஒரு செவலை நாய் அப்படித் தின்றுவிட்டு வந்து கொட்டகைச் சுவரோரம் விழுந்தது. நான்கு காலும் விறைத்து, முதுகு பின்னால் வளைந்து, யாராவது நடந்தால் அந்தச் சத்தத்துக்கே உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அதன் கண் மட்டும் முழித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தது. அந்தக் கண் என் நினைவுக்கு வந்தது.

உள்ளே ஓடினேன். என் மகள் பாயில் படுத்திருந்தாள். காலையிலிருந்தே உடம்பு வெதுவெதுவென்று இருந்தது, பல்லுக் காய்ச்சல் என்று விட்டிருந்தேன். இப்போது தொட்டால் சுட்டது. நான் வந்த காலடிச் சத்தத்துக்கு அவள் கை இரண்டும் திடுக்கென்று விரிந்தன. எல்லாக் குழந்தையும் தூக்கத்தில் திடுக்கிடும், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாய்தான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. ஆட்டையாம்பட்டியில் ஒரு சாவுக்குப் போயிருக்கிறார், பொழுதிறங்கித்தான் வருவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "என்னம்மா, குழந்தைக்கு என்ன?" என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் மரம் தெரியாமல் விஷத்தைக் கடைந்து குழந்தையின் கையில் கொடுத்துவிட்டார், நான் பக்கத்தில் இருந்து நல்லது நல்லது என்றேன், என்று எப்படிச் சொல்வது. ஒன்றுமில்லை, காய்ச்சல் என்று திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடைவண்டியைப் பார்த்தேன். கைப்பிடியின் நடுவில் காவி போய் வெளுத்து, சின்னச் சின்னப் பள்ளமாக ஈறு பட்ட தடம். பத்து நாளாகக் கடித்திருக்கிறாள். கசப்பு எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று அந்தப் பள்ளங்களை எண்ணினேன். எண்ணினால் ஏதோ தெரிந்துவிடும் என்பது போல எண்ணினேன்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். குழந்தையை வாசல் பக்கம் காற்றோட்டமாகக் கிடத்திவிட்டு, அரிவாள்மனையில் கைப்பிடியை வைத்துச் சீவினேன். சீவலை அடுப்புத் தணலில் போட்டேன். எட்டி எரிந்தால் புகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அன்று அந்தத் துண்டுகளில் சோறு பொங்கியபோது கவனித்திருந்தால்தானே. ஆனால் வேம்பு எப்படி இருக்கும் என்று தெரியுமே. கண்ணைக் கரித்தால் வேம்பு. கரிக்காவிட்டால் என் குழந்தைக்கு இனி யார் துணை என்று கேட்க வேண்டியதுதான்.

புகை வந்தது. கண்ணைக் கரிக்கவில்லை.

அந்தப் புகையில் ஒரு வாசனை இருந்தது, பழகிய வாசனை. அது என்ன என்று யோசிக்க எனக்கு நிதானம் இல்லை. கரிக்கவில்லை என்பது ஒன்றுதான் மண்டையில் நின்றது. வேம்பு இல்லை, அப்படியென்றால் வண்டிக்காரர் சொன்னதுதான். இத்தனை வருஷம் மூக்கைப் பற்றிப் பெருமையடித்தவளுக்கு, தேவைப்பட்ட நேரத்தில் மூக்கு சொன்னது காதில் விழவில்லை. பயந்தவளுக்கு எல்லாப் புகையும் ஒரே புகைதான்.

குழந்தை அழ ஆரம்பித்தாள். ஓடிப்போய் எடுத்து மடியில் போட்டு, வேறு எதுவும் தோன்றாமல் மாரில் வைத்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவளுக்குப் பால் மறக்கடித்திருந்தேன். எனக்கு வயிற்றில் மறுபடியும் மூன்று மாதம், அதனால் வேப்பிலையை அரைத்துத் தடவி நிறுத்தினேன். முதல் நாள் வாயை வைத்தவள் முகம் சுருங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, வீடே அதிர அழுதாள். மூன்றாம் நாள் என் மாரைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். இப்போதும் அதையே செய்தாள். காய்ச்சலிலும் மறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் என்னைத் தள்ளினாள்.

அவள் தள்ளியதும் எனக்கு உறைத்தது. ஒரு முறை கசந்ததற்காகத் தாயின் மாரையே வேண்டாம் என்றவள், உச்சந்தலை வரை கசக்கும் கட்டையைப் பத்து நாள் எச்சில் வழியச் சப்புவாளா?

கைப்பிடியை எடுத்தேன். அவள் கடித்த பள்ளத்தில் நாக்கை வைத்தேன். விளக்கெண்ணெய் வாடை, கொஞ்சம் காவி. கசக்கவில்லை. அரிவாள்மனையில் சீவிய புது இடத்தில் வைத்தேன், பல்லால் கடித்து ஒரு நாரை எடுத்து மென்றேன். கசக்கவே இல்லை. அடுப்பிலிருந்து இன்னும் லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது, அதில் புளிப்பு இருந்தது. மாமரம். என் அடுப்பில் நூறு முறை எரிந்த மாமரம்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம். குழந்தையின் பாதத்தை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, "எஞ்சாமி, எஞ்சாமி," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு வெறும் பல்லுக் காய்ச்சல்தான், மறுநாள் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் இருக்காது. ஆனால் அந்த நேரத்தை நினைத்து இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு நேரம் எனக்கு என் குழந்தை மட்டும்தான் உலகத்தில் இருந்தது.

பிறகு, அவர் மென்று துப்பிய கால் எது என்று யோசித்தேன். நானும் ருசி பார்த்தேனே, அது கசந்ததே. கொட்டகைக்குப் போனேன். மீதி இரண்டு கால் மூலையில் சாத்தியிருந்தது. முதல் காலை அறுத்த இடத்தில் நாக்கு நுனியால் தொட்டேன். கசப்பு நாக்கைச் சுட்டது. துப்பி, வாயைக் கொப்பளித்து, வயிற்றில் இருப்பதற்கு ஏதும் ஆகுமோ என்று பயந்துகொண்டே இரண்டாவதையும் தொட்டேன். அதுவும் கசந்தது. இந்த இரண்டும் எட்டி. எங்கள் வண்டியில் இருப்பது மட்டும் மா. எப்போதோ ஒரு கால் உடைந்து, யாரோ ஓர் ஆசாரி மாங்கட்டையில் கடைந்து போட்டுப் பச்சை அடித்துவிட்டான்.

நாலாவது கால் எங்கே என்று என்னை நானே கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் வந்து நின்ற இடம் எதிரிலேயே இருந்தது. கசக்குதுங்க அக்கா, மூஞ்சியச் சுளிக்கறான். அந்தப் பையனின் நாக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. அவன் துப்பியிருக்கிறான், அழுதிருக்கிறான், வண்டிக்குக் கிட்டவே போகமாட்டேன் என்றிருக்கிறான். கடவுள் கொடுத்த காவல் அது. அந்தக் காவலுக்கு நான் வெல்லம் தடவச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். உச்சி வெயில். மண்டிக்கு முன்னால் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வண்டியும் ஆளும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்தினேன். யாரோ திட்டினார்கள். காலில் செருப்பு இல்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. எத்தனை நாள் தடவியிருப்பாள், ஒரு நாளா, இரண்டு நாளா, வெல்லம் போட்டால் எவ்வளவு நேரம் சப்புவான், வெல்லம் கரைந்து தீர்ந்தபின் கட்டையைக் கடிப்பானா என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினேன். எந்தக் கணக்கும் ஒத்து வரவில்லை.

தறிக்காரர் தெருவில் நுழைந்தால் எப்போதும் சடக் சடக் என்று இரண்டு பக்கமும் தறிச் சத்தம் வரும். அன்றும் வந்தது. ஒவ்வொரு வீடாகக் கடந்தேன். அந்த வீட்டில் மட்டும் சத்தம் இல்லை.

பகலில் தறி நிற்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தறியில் ஏற்றிய பாவு நூல் தீர்ந்திருக்க வேண்டும். இல்லை, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்க வேண்டும். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உள்ளே போனேன். புருஷனும் பெண்சாதியும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தறி நின்றதற்குக் காரணம் பசி. பையன் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துத் திரும்பினான். அவன் கீழ் உதடு இரண்டு பங்காக வீங்கித் தொங்கியது.

"என்னாச்சு? உதட்டுக்கு என்னாச்சு?" என்றேன்.

அவள் சோற்றுக் கையோடு எழுந்தாள். நல்ல கோபம்.

"ஏனுங்க அக்கா, உங்க பேச்சக் கேட்டுத்தான் ஆச்சு. வெல்லத்தத் தடவுங்கன்னீங்க. தடவுனேன். ஒரு நக்கு நக்குனான். அப்புறம் எடுக்கறதுக்குள்ள எறும்பு மொச்சுப் போச்சு. கட்டெறும்பு. இவன் போயி வாய வெச்சான், புடிச்சுக் கடிச்சிருச்சு. ரா முச்சூடும் அழுகை. அதுக்கப்பறம் அந்த வண்டியிருக்கற பக்கமே போகமாட்டேங்குறான்."

"ஒரு தடவதானா? வேற எப்பவும் சப்புலயே?"

"எங்க சப்பறது? அதாங்க, விட்டத்துல தூக்கி மாட்டிட்டாரு."

நிமிர்ந்து பார்த்தேன். வண்டி விட்டத்துக் கொக்கியில் தொங்கியது. கைப்பிடியில் வெல்லம் காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்தது. இன்னும் நாலைந்து எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கசக்கும் மரத்தில் கரையான் அண்டாது, மூட்டைப்பூச்சி அண்டாது. வெல்லம் இருந்தால் எறும்பு மட்டும் எதையும் பார்க்காது போலிருக்கிறது.

"எறக்கிக் குடுங்க," என்றேன் அவள் புருஷனிடம். "கைப்புடியில சிலாம்பு இருக்குதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லி அனுப்புனாரு. கையில குத்தீரும். வேற போட்டு அனுப்பறோம். அது வரைக்கும் இந்தக் கட்டையப் புள்ள தொட வேண்டாம்."

சிலாம்பு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசிக்காத எனக்கு அந்தப் பொய் எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததோ தெரியாது. எட்டி என்ற சொல் என் வாயில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அந்தத் தெருவில், செவ்வாய்ப்பேட்டையில், சேலத்தில் எங்கேயும் அவர் கையால் செய்த சாமானை ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னால், அது பாதி உண்மை. மீதிப் பாதி, வெல்லம் தடவச் சொன்னது நான்.

மறுநாள் அவர் வந்தார். இரண்டு கைப்பிடியையும் மீதி இரண்டு காலையும் வரிசையாக வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல ஒரு சீவல் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் கையை இறக்கிவிட்டார். மூன்று எட்டிக் கட்டைகளையும் அடுப்பில் வைக்கவும் பயம், எறியவும் பயம். ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு குழந்தைகள் புழங்குகிற சாமானுக்கு அவர் பழைய மரத்தைத் தொட்டதே இல்லை. நானும் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பையன் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இவ்வளவிலும் என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. அன்று வண்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டுக் கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் கூப்பிட்டாள். கோபம் ஆறிவிட்டது போலும். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் வெறுங்காலைப் பார்த்தாள், வேர்த்து விறுவிறுத்த முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு சிலாம்புக்குப் போயி இந்த வெயில்ல ஓடியாந்தீங்களாக்கா? எம்புள்ள மேல உங்களுக்கு இவ்வளவு பாசமுன்னு தெரியாமப் பேசிப்புட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

உள்ளே போய் அடுக்குப் பானையிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து வந்தாள். அழுது ஓய்ந்து என் இடுப்பில் உட்கார்ந்திருந்த என் மகளின் வாயில் தன் கையாலேயே வைத்தாள். என் மகள் சப்பிச் சப்பித் தின்றாள். நான் அந்த எட்டிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.